யூரின் கல்ச்சரில் இரண்டு முறையும் ‘மிக்ஸ்டு க்ரோத்’ வந்தால் என்ன அர்த்தம்?

கேட்டவரின் கேள்வி சுருக்கமாக இது. ஊர் தென்காசிப் பக்கம் ஒரு கிராமம். அம்மாவுக்கு 67 வயது, பல வருடமாகச் சர்க்கரை. பத்து நாளாக நீர்க்கடுப்பு, அடிக்கடி ஒன்னுக்குப் போக வேண்டியிருக்கிறது. டாக்டர் யூரின் கல்ச்சர், அதாவது யூரினை ஒரு தட்டில் இழுத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட், எழுதிக் கொடுத்தார். காலை 5.30-க்கு வீட்டில் பிடித்து, பஸ் ஏறி, 9.30-க்கு டவுன் லேபில் கொடுத்திருக்கிறார்கள். ‘மிக்ஸ்டு க்ரோத், ரிப்பீட் சாம்பிள்’ என்று வந்தது. மறுபடியும் அதேபோல் கொடுத்ததற்கு மறுபடியும் அதே பதில். லேப் சரியில்லையா, வேறு லேபுக்குப் போகலாமா என்று கேட்கிறார். கூடவே இன்னொன்று: அண்ணன் குழந்தைக்கு 7 மாதம், காய்ச்சலுக்காகப் பை ஒட்டி எடுத்த யூரினில் கிருமி இருக்கிறது என்கிறார்கள், அதை நம்பலாமா?

நுண்ணுயிரியல் லேபில் 31 வருடம் டெக்னீஷியனாக இருந்தேன். அதில் பாதிக் காலம் யூரின் பெஞ்சில்தான். உங்கள் கேள்வியைப் படித்தவுடன் கண்ணில் பட்டது லேபின் பெயரோ ரிப்போர்ட்டோ இல்லை, 5.30 என்பதும் 9.30 என்பதும்தான். லேபை மாற்றினாலும் இந்த நான்கு மணி நேரம் மாறாத வரை பதில் மாறாது.

முதலில் அந்த ரிப்போர்ட் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். சிறுநீர்ப்பையில் உண்மையான தொற்று இருந்தால் பெரும்பாலும் ஒரே வகைக் கிருமிதான் பெருகியிருக்கும், சில சமயம் இரண்டு. பெண்களிடம் அது பெரும்பாலும் ஈ.கோலை என்ற குடல் கிருமி. தட்டில் மூன்று நான்கு வகைகள் கலந்து வளர்ந்து, எதுவும் தலைதூக்கி நிற்கவில்லை என்றால் அவை பையிலிருந்து வந்தவை இல்லை, வெளியே தோலிலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் எப்போதும் குடியிருப்பவை என்று எடுத்துக்கொள்வோம். அங்கே கிருமி இருப்பது அழுக்கு இல்லை, நோயும் இல்லை. எல்லோருக்கும் இருக்கும். இதைச் சொல்லக் காரணம் உண்டு. ‘சுத்தமில்லாமல் எடுத்திருக்கிறீர்கள்’ என்று கவுன்டரில் ஒரு வார்த்தை சொல்லிவிட, கூனிக்குறுகி நின்ற எத்தனையோ வயதான பெண்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் ஒரு தப்பும் கிடையாது. டப்பாவைக் கையில் கொடுத்தவர் எப்படிப் பிடிப்பது என்று ஒரு நிமிடம் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். நம் ஊர் லேப்களில் பெரும்பாலும் நடக்காதது அந்த ஒரு நிமிடம்தான்.

இப்போது நான்கு மணி நேரத்துக்கு வருகிறேன். நாங்கள் 0.001 மி.லி. பிடிக்கும் ஒரு சின்ன வளையக் கம்பியால் யூரினைத் தொட்டுத் தட்டில் இழுப்போம். மறுநாள் வளர்ந்திருக்கும் ஒவ்வொரு புள்ளியையும் ஆயிரத்தால் பெருக்கினால் ஒரு மி.லி.யில் எத்தனை கிருமி என்று தெரியும். நூறு புள்ளி என்றால் ஒரு லட்சம். 1950-களில் அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் காஸ் இந்த ஒரு லட்சத்தைத்தான் தொற்றுக்கும் கலப்படத்துக்கும் நடுவே கோடாகப் போட்டார். எரிச்சல், கடுப்பு உள்ள பெண்களுக்கு அதைவிட மிகக் குறைந்த எண்ணிக்கையும் உண்மையான தொற்றாக இருக்கலாம் என்பது பின்னால் தெரிந்தது. ஆனாலும் அந்தக் கோடு இன்றைக்கும் பெரும்பாலான ரிப்போர்ட்டுகளில் நிற்கிறது.

யூரின் கிருமிக்கு நல்ல தீனி. டப்பாவுக்குள் தோலிலிருந்து மி.லி.க்கு ஆயிரம் கிருமி மட்டும் விழுந்தது என்று வையுங்கள். நம் ஊர் வெயிலில், கொண்டுவரும் பையின் கதகதப்பில், அரை மணிக்கு ஒருமுறை அது இரட்டித்தால் நான்கு மணி நேரத்தில் எட்டு முறை இரட்டிக்கும். ஆயிரம் இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிடும். ஒன்றுமில்லாத ஆளுக்குப் பெரிய தொற்று இருப்பதுபோல் தட்டு காட்டும். உண்மையாகவே தொற்று இருப்பவருக்கோ, அந்த நிஜக் கிருமி இந்தக் கூட்டத்துக்குள் மறைந்துபோகும். உங்கள் அம்மாவுக்கு இரண்டாவதுதான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம். கடுப்பு இருக்கிறது, காரணமான கிருமி இருக்கிறது, கண்டுபிடிக்கத்தான் முடியவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே இதில் அடிபட்டிருக்கிறேன். ஒரு கர்ப்பிணியின் சாம்பிளில் லட்சத்துக்கு மேல் வளர்ந்திருந்தது, ரிப்போர்ட் கொடுத்தேன். கர்ப்பகாலத்தில் தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும் யூரினில் கிருமி இருந்தால் மருந்து கொடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சிறுநீரகம் வரை ஏறும் ஆபத்து உண்டு. அதனால் அவருக்கும் மாத்திரை ஆரம்பித்தார்கள். பிறகுதான் வார்டிலிருந்து தெரியவந்தது: காலை ரவுண்ட்ஸுக்கு முன்னால் எடுத்த டப்பா மத்தியானம் வரை ஜன்னல் திட்டில் வெயிலில் இருந்திருக்கிறது. புதிதாக ஒரு சாம்பிள் வாங்கிப் போட்டேன், தட்டு வெறுமையாக இருந்தது. முதல் மாத்திரைகள் அதற்குள் உள்ளே போயிருந்ததால், அந்த வெறுமைக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து, எடுத்த நேரம் எழுதாத டப்பாவை நான் வாங்கியதில்லை.

நேரம் முக்கியம் என்பது புதிய அறிவும் இல்லை. சித்த மருத்துவத்தில் நீர்க்குறி, நெய்க்குறி, அதாவது சிறுநீரையும் அதில் விட்ட எண்ணெய்த் துளியையும் வைத்து நோய் பார்ப்பதற்கு விதி இருக்கிறது. முந்தின நாள் அளவாகச் சாப்பிட்டு, நன்றாக உறங்கி, விடியலில் கண்ணாடிப் பாத்திரத்தில் நீரைப் பிடித்து, ஒரு முகூர்த்தத்துக்குள், அதாவது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும் என்பது அந்த விதி. எண்ணெய்த் துளி பாம்பாக நீண்டால் வாதம், மோதிரமாக வளைந்தால் பித்தம், முத்தாக நின்றால் கபம் என்று அவர்கள் படித்த முறைக்கும் எங்கள் தட்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் பாத்திரம், வேளை, கெடு ஆகிய மூன்றையும் விதியாக எழுதி வைத்த கவனத்துக்கு எந்த லேப்காரரும் தலைவணங்க வேண்டும். இன்றைய கணக்கிலும் வெளியே வைத்தால் ஒரு மணி நேரத்துக்குள், போனால் போகிறது என்று இரண்டு மணி நேரத்துக்குள். அவ்வளவுதான் கெடு.

சரி, அம்மாவுக்கு இந்த முறை என்ன செய்யலாம்? வீட்டில் எடுக்காதீர்கள். லேபிலேயே எடுங்கள். கல்ச்சருக்கு விடியற்காலை நீர்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நீர் நான்கு மணி நேரமாவது சிறுநீர்ப்பையில் தங்கியிருந்தால் நல்லது. கடுப்பு உள்ளவரால் அவ்வளவு நேரம் அடக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். வருத்திக்கொள்ள வேண்டாம். இரண்டு மணி நேரம் முடிந்தாலும் போதும், அதை லேபில் சொல்லிவிடுங்கள். வரவழைப்பதற்காக சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்க வைக்காதீர்கள், கிருமியின் எண்ணிக்கை நீர்த்துப்போகும்.

பிடிக்கும் முறையைக் கொஞ்சம் வெளிப்படையாகவே சொல்கிறேன், வெட்கப்பட்டு மூடி மூடிச் சொல்வதால்தான் பாதி சாம்பிள் கெடுகிறது. முதலில் கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்கச் சொல்லுங்கள். அந்த இடத்தை வெறும் தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவி, சுத்தமான துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். டெட்டால் மாதிரி கிருமிநாசினி எதுவும் வேண்டாம், அதன் ஒரு சொட்டு டப்பாவில் விழுந்தாலும் நாங்கள் தேடும் கிருமி செத்துவிடலாம். பிறகு ஒரு கையின் விரல்களால் பிறப்புறுப்பின் இதழ்களை விலக்கிப் பிடித்து, முடியும் வரை அப்படியே வைத்திருக்க வேண்டும். கழுவுவதைவிட இந்த விலக்கிப் பிடிப்பதுதான் பெரிய விஷயம். முதலில் வரும் நீரைக் கீழே விட வேண்டும். அது வழியில் உள்ள கிருமிகளை அலசிக்கொண்டு போகும். ஓட்டத்தை நிறுத்தாமல், நடுவில் வரும் நீரில் டப்பாவை நீட்டி ஒரு கால்வாசி, அரைவாசி பிடித்து, டப்பாவை எடுத்துவிட்டுக் கடைசி நீரைக் கீழேயே விட வேண்டும். ஆண்களுக்கு இது சுலபம், முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவிவிட்டு அதேபோல் நடுநீர்.

இந்தியன் கழிப்பறையில் குந்திக்கொண்டு, ஒரு கையால் விலக்கி, மறு கையில் டப்பா பிடிப்பது 67 வயதில், முட்டிவலியோடு, நடக்கிற காரியமா? இதை எந்தக் கையேடும் யோசிப்பதில்லை. வெஸ்டர்ன் கழிப்பறை உள்ள லேபைத் தேர்ந்தெடுங்கள். கால்களை அகட்டி, கொஞ்சம் பின்தள்ளி உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் கூடவே உள்ளே போங்கள். டப்பாவின் மூடியைத் திறப்பதும், சரியான நொடியில் நீட்டுவதும் உங்கள் வேலையாக இருக்கட்டும். மூடியைத் தரையில் கவிழ்த்து வைக்காதீர்கள், உட்புறத்தில் விரல் படக் கூடாது. டப்பாவின் விளிம்பு உடம்பில் இடிக்கக் கூடாது. மக்கில் பிடித்து டப்பாவில் ஊற்றுவது அறவே கூடாது. இது நான் மிக அதிகமாகப் பார்த்த தவறு, மக்கில் இருப்பது வீட்டின் மொத்தக் கிருமியும்.

அளவு குறைந்துவிட்டது என்று தண்ணீர் சேர்ப்பவர்களும் உண்டு. ‘கம்மியா இருந்தா திட்டுவாங்களோன்னு ஊத்திட்டேன்’ என்று ஒரு பாட்டி என்னிடம் சொன்னார். கல்ச்சருக்கு ஒரு சில மி.லி. போதும், சாதாரண ரொட்டீன் டெஸ்ட்டுக்கு 10 முதல் 20 மி.லி. போதும். இருப்பதைக் கொடுங்கள்.

லேபில் எடுக்கவே முடியாது என்றால் குளிர்தான் வழி. எடுத்தவுடன் மூடியை இறுக்கி, ஒரு ஜிப் கவரில் போட்டு, ஐஸ் பேக் வைத்த பையிலோ அகன்ற வாய் ஃபிளாஸ்க்கிலோ கொண்டு போங்கள். வீட்டு ஃபிரிட்ஜில் வைப்பதென்றால் கவரோடு ஒரு மூடியுள்ள டப்பாவுக்குள் வைத்து, சாப்பாட்டுப் பொருளிலிருந்து தள்ளி வையுங்கள். ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள். 2 முதல் 8 டிகிரியில் கல்ச்சர் சாம்பிள் 24 மணி நேரம் தாங்கும். சில லேப்களில் போரிக் ஆசிட் தூள் போட்ட டப்பா அல்லது குழாய் கிடைக்கும். அதில் கோடு வரை நிரப்பினால் கிருமி பெருகாமல் ஒரு நாள் அப்படியே நிற்கும். குறைவாக ஊற்றினால் மருந்தின் வீரியம் கூடிக் கிருமியையே கொன்றுவிடும். தூள் போட்ட டப்பாவைப் பழைய மருந்து என்று நினைத்துக் கழுவிவிட்டுக் கொண்டுவந்தவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து கழுவாதீர்கள்.

டப்பா லேபிலோ மருந்துக் கடையிலோ வாங்கிய ஸ்டெரைல் டப்பாவாகத்தான் இருக்க வேண்டும். கழுவிய ஜாம் பாட்டில் வேண்டாம். பிளீச்சிங் பவுடர் ஒட்டிய பாட்டிலில், நிறம் மாறிக் காட்டும் டெஸ்ட் ஸ்ட்ரிப் போட்டால் இல்லாத இரத்தத்தையும் இல்லாத சர்க்கரையையும் காட்டும். பெயர், வயது, தேதி, நேரம் எல்லாவற்றையும் டப்பாவின் மேல் எழுதுங்கள், மூடியின் மேல் எழுதாதீர்கள். பெஞ்சில் பத்து மூடிகளைத் திறந்து வைத்திருக்கும்போது, மூடியில் மட்டும் பெயர் இருந்தால் யாருடையது எது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

நீங்கள் கேள்வியில் சொல்லாத ஒன்றைக் கேட்கிறேன். பத்து நாள் கடுப்பில் மருந்துக் கடையில் ஏதாவது மாத்திரை வாங்கிக் கொடுத்தீர்களா? ஆன்டிபயாட்டிக் ஒரு வேளை போனாலே கல்ச்சர் வெறுமையாக வரலாம். சாம்பிள் முதலில், மாத்திரை பிறகு. ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காமல் மாத்திரையின் பெயரை டாக்டரிடமும் லேபிலும் சொல்லுங்கள். ஆனால் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவில் வலி, வாந்தி, குழப்பமான பேச்சு, இதில் எது வந்தாலும் சாம்பிளுக்காகக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கேயே எடுத்துக்கொள்வார்கள்.

சர்க்கரைக்கு என்ன மாத்திரை என்பதையும் பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை என்றால் அது வேலை செய்வதே சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றித்தான். இரத்தச் சர்க்கரை நன்றாக இருந்தாலும் யூரினில் மூன்று பிளஸ், நான்கு பிளஸ் காட்டும், பதற வேண்டாம். ஆனால் அந்த இடத்தில் பூஞ்சைத் தொற்றும் அரிப்பும் வர அது வழி செய்யும். அம்மாவின் எரிச்சலுக்கு அதுவே காரணமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

ரொட்டீன் ரிப்போர்ட்டும் கையில் இருந்தால் எபிதீலியல் செல்ஸ் வரியைப் பாருங்கள். அது நிறைய என்று போட்டிருந்தால் தோலின் செல்கள் டப்பாவில் விழுந்திருக்கின்றன, அந்த சாம்பிளின் பஸ் செல்ஸ் (சீழ் செல்கள்) எண்ணிக்கையையும் அப்படியே நம்ப முடியாது. நேரம் கடந்தால் ரொட்டீனும் கெடும். கிருமிகள் யூரியாவை அம்மோனியாவாக உடைத்து நீரைக் காரமாக்கும், அதில் இரத்த அணுக்களும், சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் உருவாகும் காஸ்ட்டுகள் என்ற படிவுகளும் கரையும். சர்க்கரையைக் கிருமி தின்றுவிடும். காமாலையில் யூரினில் வரும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி வெளிச்சத்தில் சிதையும். மஞ்சள் காமாலை சந்தேகத்தில் எடுத்த சாம்பிளை வெயிலில் கொண்டுபோய் ‘நார்மல்’ வாங்கி வந்தால் அது ஆறுதல் இல்லை.

எல்லா டெஸ்ட்டுக்கும் நடுநீர் என்றும் நினைத்துவிடாதீர்கள். பாலுறவால் பரவும் கிளமிடியா, கொனோரியா கிருமிகளின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர் டெஸ்ட்டுக்கு இதற்கு நேர் எதிர்: கழுவாமல், முதலில் வரும் 20, 30 மி.லி. வேண்டும், ஏனென்றால் தேடும் கிருமி சிறுநீர்க்குழாயின் சுவரில்தான் இருக்கிறது. சிறுநீரகக் காசநோய்க்கு மூன்று நாள் விடியற்காலை நீர். புற்றுநோய் செல் பார்க்கும் சைட்டாலஜிக்கு விடியற்காலை நீர் ஆகாது, இரவெல்லாம் பையில் ஊறிச் செல்கள் சிதைந்திருக்கும், அன்றைய இரண்டாவது நீரே நல்லது. அம்மா மாதிரிச் சர்க்கரைக்காரர்களுக்கு எழுதும் மைக்ரோஆல்புமினுக்கு, அதாவது யூரினில் கசியும் ஆல்புமின் என்ற புரதத்தைப் பார்க்கும் டெஸ்ட்டுக்கு, காலை முதல் நீர். தொற்றும் காய்ச்சலும் ஆல்புமினைக் கூட்டிக் காட்டும், ஆகவே அந்த டெஸ்ட்டை இப்போது எடுக்காமல் கடுப்பு முழுக்கத் தீர்ந்த பிறகு எடுங்கள்.

24 மணி நேர யூரின் எப்போதாவது எழுதினால் ஒரே ஒரு இடத்தில்தான் எல்லோரும் தவறுவார்கள், தொடக்கத்தில். காலை 6 மணிக்கு ஆரம்பம் என்றால் அந்த 6 மணி நீரைக் கழிப்பறையில் விட்டுவிட வேண்டும். அது முந்தின இரவின் நீர். அதற்குப் பிறகு வருவது முழுவதும் கேனில், மறுநாள் 6 மணி நீரும் சேர்த்து. நடுவில் ஒருமுறை தவறினாலும் சொல்லிவிடுங்கள். கேனில் ஆசிட் ஊற்றிக் கொடுத்திருந்தால் அதைக் கொட்டாதீர்கள், கேனில் நேராகவும் போகாதீர்கள், தெறித்தால் சுடும். வேறு பாத்திரத்தில் பிடித்து மெதுவாக ஊற்றுங்கள்.

சரி, தொற்று உறுதியாகி மருந்து முடிந்து அம்மாவுக்கு எரிச்சல் தீர்ந்துவிட்டால், ‘எதற்கும் ஒரு கல்ச்சர்’ என்று மறுபடி ஓடாதீர்கள். வயதான பெண்களில், அதிலும் சர்க்கரை உள்ளவர்களில், எந்தத் தொந்தரவும் தராமல் யூரினில் கிருமி குடியிருப்பது சகஜம். கர்ப்பம், சிறுநீர்ப்பாதை அறுவை போன்ற சில நிலைகளைத் தவிர அதற்கு மருந்து தேவையில்லை. ரிப்போர்ட்டுக்கு மருந்து கொடுத்துக் கொடுத்து எந்த மருந்துக்கும் அடங்காத ஈ.கோலையை வளர்த்துக்கொண்டவர்களின் தட்டுகளை நான் கடைசிப் பத்து வருடத்தில் நிறையப் பார்த்தேன். மனம் கனக்கும்.

குழந்தை விஷயம். ஒட்டும் பையில் எடுத்த கல்ச்சரில் கிருமி இல்லை என்று வந்தால் நம்பலாம். இருக்கிறது என்று வந்தால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது, பை முழுநேரமும் தோலில்தானே ஒட்டியிருக்கிறது. உறுதி செய்ய மெல்லிய குழாய் செருகியோ, அடிவயிற்றில் ஊசி வழியாகவோ எடுப்பார்கள். பெற்றோருக்குக் கேட்கவே பயமாக இருக்கும், ஆனால் பயிற்சி உள்ள கையில் சில நிமிட வேலை. அதற்கு முன் ஒரு முயற்சி செய்து பார்க்கலாம்: பால் கொடுத்துக் கொஞ்ச நேரம் கழித்து, கழுவித் துடைத்து, குளிர்ந்த நீரில் நனைத்த காஸ் துணியால் அடிவயிற்றை வட்டமாகத் தேய்க்க வேண்டும். பல குழந்தைகள் சில நிமிடங்களுக்குள் போய்விடும். ஒருவர் தேய்க்க, ஒருவர் திறந்த டப்பாவோடு தயாராக நிற்க வேண்டும். ஏற்கெனவே ஆன்டிபயாட்டிக் ஆரம்பித்துவிட்டார்களா என்பதை முதலில் கேளுங்கள். ஆரம்பிக்கவில்லை, ஆனால் குழந்தை சோர்ந்து பால் குடிக்காமல் இருக்கிறது என்றால், இந்தப் பதிலைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், இப்போதே குழந்தை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போய், பையில் எடுத்தது என்பதைச் சொல்லி, அங்கேயே மறுசாம்பிள் எடுக்கச் சொல்லுங்கள்.